ஒரு நாற்காலிதான்

என் அன்புக்கு உரிய உங்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் சட்டைகளை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டேன். துவைத்து மடித்து வைத்தவைதான். ஆனாலும் மூடியே கிடந்ததில் ஒரு வாடை வந்துவிட்டது. பல் துலக்குவதற்கு முன்பே நான் மாடி ஏறுவதைப் பார்த்து மகள் சிரித்தாள். அப்பா வருவதற்குள் சட்டையெல்லாம் வெளுத்துவிடும் என்றாள். வெளுத்தால் வெளுக்கட்டும் என்றேன். அந்த நீலக் கோடு போட்ட சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. தைத்து வைக்கிறேன்.

நாங்கள் இருவரும் நலம். அவளுக்குத் தேர்வு நெருங்குகிறது. படிக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். புத்தகம் திறந்திருக்கிறது, பக்கத்தில் போனும் திறந்திருக்கிறது. எது எதைப் படிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. பிளம்பரைக் கூப்பிடவில்லை. நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்று ஒரு வாளியை வைத்திருக்கிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டுவிடுகிறேன். நீங்களும் ஆயிற்று என்கிறீர்கள். அதற்குள் உங்கள் பக்கம் ஆலைச் சங்கு ஊதிவிடுகிறது. போன வாரம், என் அலுவலகத்தில் உங்களுக்கு என்ன வேலை கொடுப்பேன் என்று கேட்டீர்கள். வாசலில் நின்று வருகிறவர்களைப் பயமுறுத்துகிற வேலை காலியாக இருக்கிறது என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகிறது. அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. தொழிலுக்கு யோசனை கேட்டு வருகிறவர்களே இல்லை என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் அறையில் இருக்கும் தம்பி விடுமுறை முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் அவரிடம் கொடுத்தனுப்பிய கடிதமும் துண்டும் சோப்பும் வந்து சேர்ந்தன. ஒப்பந்தத்தை நீட்டிக்க இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், இந்தத் தடவை போடப்போவதில்லை, ஊருக்கே வந்துவிடுகிறேன், அதான் உன் அலுவலகம் இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன், அல்லது போடாமல் விடுவதற்கு முன், அலுவலகம் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதே இடம்தான். மேனேஜர் சார் இருக்கிறார். வங்கியில் கடைசிவரை மேனேஜர் ஆகாமலே ஓய்வு பெற்றவர் என்பதால் நாங்கள் ஆக்கிவிட்டோமே, அவர். ஸ்கேல் இருக்கிறாள். போன முறை நீங்கள் வந்திருந்தபோது, புதுக் கட்டில் நம் அறை வாசலில் நுழையாது என்று கடைக்காரனிடம் சண்டை போட்டாளே, அந்தப் பெண். எதைக் கண்டாலும் அளந்துவிடுவாள். இந்த இருவரும் நானும். நாலாவது ஆளாக வந்த பையன் போன வருடமே வேறு இடம் பார்த்துப் போய்விட்டான்.

வேலை குறைந்தது ஒரே நாளில் இல்லை. டைல்ஸ் கடைக்காரர் முதலில் மாதாமாதம் வரச் சொன்னார், பிறகு தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்றார். இன்னும் தேவைப்படவில்லை. அச்சகத்துக்காரர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். எந்த மாதம் கேட்டாலும் அடுத்த மாதம்தான். செருப்புக்கு அடிப்பாகம் செய்கிற தொழிற்சாலை மூடியே போய்விட்டது. ஸ்கேலின் கணவர் அங்கேதான் இருந்தார். அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நாங்கள்தான். இப்போது அந்த வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். தொலைக்காட்சியில் ஒருவர் எல்லாம் நிமிர்ந்துவிடும் என்கிறார், இன்னொருவர் இன்னும் சரியும் என்கிறார். இருவரும் நல்ல கோட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் எந்தச் சானலைப் பார்க்கிறேனோ அதற்குத் தகுந்தபடி அன்றைக்குத் தூக்கம் வருகிறது, அல்லது வராமல் போகிறது.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் இப்போது கம்ப்யூட்டரிடமே யோசனை கேட்கிறார்கள், அதை இயக்கக் கற்றுக்கொண்டு அதையே தொழிலாகச் செய்யலாம் என்று ஸ்கேல் சொன்னாள். மூன்று பேரும் ஒரு வகுப்பில் சேர்ந்தோம். மேனேஜர் சார் முதல் வரிசையில் உட்கார்ந்து பேனாவால் குறிப்பு எடுத்தார். வகுப்பு முடிந்து சான்றிதழ் கைக்கு வருவதற்குள் அந்தத் திரையில் பொத்தான்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. சார் எடுத்த குறிப்பில் இருக்கிற எதுவும் இப்போது அங்கே இல்லை. சான்றிதழை மட்டும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

வீட்டிலும் அது புகுந்துவிட்டது. ஒரு நாள் மகள் போனில் ஏதோ தட்டிவிட்டு என்னிடம் காட்டினாள். எங்கள் வீட்டில் காலையில் எல்லோரும் தாமதமாகக் கிளம்புகிறோம், என்ன செய்யலாம் என்று அதைக் கேட்டிருக்கிறாள். சாவியை வாசலருகே மாட்டுங்கள், பையை முதல் நாளே எடுத்து வையுங்கள், யார் முதலில் குளிப்பது என்று முறை வையுங்கள் என்று வரிசையாகச் சொல்லியிருந்தது. "நீ காலங்காலமா சொல்றதுதாம்மா. ஆனா அது கத்தாம சொல்லுது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பாத்திரம் கழுவும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

இதுவரை படித்ததும், பெட்டிக்காரர் இருக்கிறாரே, அவர் ஒருவர் போதுமே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டைப்பெட்டி செய்கிற அவருடைய மூன்று தொழிற்சாலைகளும் நம்மிடம்தான் இருந்தன. வாடகையும் சம்பளமும் அவரை நம்பித்தான். இரண்டு மாதம் முன்னால் அவர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு மென்பொருள் கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்களாம். கூரையில் கேமராக்கள் வைப்பார்கள், எவ்வளவு அட்டை வந்தது, எங்கே தேங்குகிறது, எது எப்போது தீரும் என்று அதுவே பார்த்து அதுவே சொல்லுமாம். இரண்டாவது தொழிற்சாலையில் சோதனைக்கு மாட்டியிருக்கிறார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார். உங்களை விட்டால் எனக்கு யாரைத் தெரியும் என்றார். அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு பெரிய மடைச்சி நான் என்று பாருங்கள்.

வழக்கம்போலத்தான் செய்தோம். போய் மூலையில் ஆளுக்கொரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, வெறுமே பார்ப்பதுதான். முதல் நாள் எல்லோரும் நம்மைப் பார்த்து விறைப்பாக வேலை செய்வார்கள். பிறகு நம்மை மறந்துவிடுவார்கள். அப்போதுதான் வேலை எப்படி நடக்கிறது என்பது தெரியும். உங்களுக்கு நினைவிருக்கும், அந்த அட்டைகள் ஏன் வளைகின்றன என்று கண்டுபிடிக்க நான் எவ்வளவு அலைந்தேன் என்று. கதவோரம் அடுக்குவதால் மழை நாளில் ஈரக்காற்று பட்டு வளைகின்றன என்று தெரிந்த அன்று உங்களுக்குப் போன் செய்து, ஏதோ பரிசு வாங்கியவள் போலச் சொன்னேன். இந்த இயந்திரம் அதைச் சோதனையின் இரண்டாம் நாளே சொல்லிவிட்டிருந்தது. திரையின் ஓரத்தில் சின்ன எழுத்தில், மற்ற விஷயங்களோடு ஒன்றாக. அதற்கு அது ஒரு பெரிய விஷயமாகவே இல்லை.

அது பார்க்காத ஒன்றும் இருந்தது. லாரியில் ஏற்றுகிற இடத்தில் பெட்டிக்காரரின் மச்சான் வந்து நின்றால் வேலை பாதியாகக் குறைந்துவிடும். அவர் கத்துவார் என்று பயந்து ஒவ்வொரு பெட்டிக் கட்டையும் இரண்டு முறை எண்ணுவார்கள். கேமராவுக்கு அவரும் ஓர் ஆள், அவ்வளவுதான். ஸ்கேல் என் காதருகே வந்து, "இது ஒண்ணாவது நமக்கு மிச்சம் இருக்குக்கா" என்று கிசுகிசுத்தாள். ஆனால் மச்சானைப் பற்றி இத்தனை வருடமாக நமக்கும் தெரியும். ஒரு அறிக்கையிலும் எழுதத் தைரியம் வந்ததில்லை. பார்த்துவிட்டுச் சொல்லாத நமக்கும் பார்க்காத அதற்கும் முதலாளியைப் பொறுத்தவரை என்ன வித்தியாசம்?

பார்த்து முடித்த பிறகு எங்கள் அறையில் உட்கார்ந்தோம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில். நான் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள் என்று நானே வைத்த விதி. அன்றைக்கு மட்டும் அந்த விதி இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்வார்கள், அதைப் பிடித்துக்கொண்டு மற்ற இருவரும் ஏறிவிடலாம் என்று மூன்று பேருமே நினைத்திருக்கிறோம். இது பிறகுதான் தெரிந்தது.

ஸ்கேல் கையில் இருந்த அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "வாங்கலாம்க்கா. நான் வாரக்கணக்கா அளக்கறதை அது மத்தியானத்துக்குள்ள அளந்துடுது. இல்லைன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றாள். மேனேஜர் சார் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். வாங்கலாம் என்றார். பொய் சொல்லிக் கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனால் நம் கடையில் விற்பது உண்மை ஒன்றைத்தான், அதிலும் கலப்படம் செய்துவிட்டால் அப்புறம் கடைக்கு எதற்குக் கதவு என்றார். என் முறை வந்தது. நானும் அதையே சொன்னேன். கீழே கண்ணாடிக் கடையில் யாரோ ஒருவர் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது மேலே கேட்டது. அதன் பிறகு சார்தான், தன் கல்யாணத்துக்குத் தானே பெண் பார்த்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன், தன் இடத்துக்குத் தானே ஆள் பார்த்தவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். மூவரும் சிரித்தோம். ஸ்கேல் சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போனாள்.

(இங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அலுவலகம் வந்து தொடர்கிறேன். ஸ்கேல் எதிர் மேசையில் இருக்கிறாள். என்னக்கா இவ்வளவு எழுதறீங்க என்றாள். உன் அண்ணனுக்கு என்றேன். அப்படியானால் நிறைய எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுத் தானே எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.)

அறிக்கையைக் கொடுக்க நான் மட்டும் போனேன். பெட்டிக்காரர் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவர். படித்தார். இதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன், வேறு யாராக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பார்கள் என்றார். தேநீர் வரவழைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அதை வாங்கினால் உங்கள் மாதாந்திர ஒப்பந்தத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாதே என்றார். தெரியும் என்றேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கே ஆர்டர் பாதியாகிவிட்டது. வாங்குகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். நானும் யார் யாரோ சொல்வதைக் கேட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். மனுஷர் இளைத்துப் போயிருக்கிறார்.

நான் எழுந்தபோது உட்காரச் சொன்னார். அந்த இயந்திரம் சொல்வதைப் புரிந்துகொண்டு மூன்று தொழிற்சாலைக்கும் எடுத்துச் சொல்ல உள்ளே ஒரு ஆள் வேண்டுமாம். சம்பளத்தோடு நிரந்தர வேலை. நிரந்தரம் என்று சொல்லிவிட்டு, அதாவது அது தானாக ஓடப் பழகும்வரை என்றார். நீங்கள் வந்துவிடுங்கள் என்றார். மற்ற இருவரும் என்று இழுத்தேன். "ஒரு நாற்காலிதாம்மா. அதுவே எத்தனை நாளைக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொன்னார்.

அலுவலகம் திரும்பி, ஒப்பந்தம் முடிந்தது என்பதை மட்டும் இருவரிடமும் சொன்னேன். வேலையைப் பற்றிச் சொல்லவில்லை. எங்கள் வழக்கப்படி அதையும் மேசையில் வைத்து, ஸ்கேலை முதலில் பேசச் சொல்லியிருக்க வேண்டும். வாயெடுத்தேன், வரவில்லை. மேனேஜர் சார் தனக்குப் பென்ஷன் வருகிறது, வீட்டில் மனைவி திட்டுவதைத் தவிர வேறு கஷ்டம் இல்லை, தன்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றார். அன்று மாலை கிளம்பும்போது ஸ்கேல் மாடிப்படியில் நின்று, "நீங்க இருக்கீங்கக்கா. ஏதாவது வழி பண்ணாமலா இருப்பீங்க?" என்றாள். அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. மழை வராது என்று ஆறுதல் சொல்வது போல எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்த நாற்காலிக்கு என்னைவிட அவள்தான் பொருத்தம். அந்தத் திரையில் நான் ஒரு எண்ணைத் தேடி முடிப்பதற்குள் அவள் மூன்று தொழிற்சாலையையும் சுற்றிவிட்டு வந்துவிடுவாள். ஆட்கள் அவளிடம் மனம் விட்டுப் பேசுகிறார்கள். என்னிடம் வணக்கம் சொல்கிறார்கள், அவ்வளவுதான். பெட்டிக்காரரிடம், நான் வேண்டாம், அவளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துக்கொள்வார். நான் சொன்னால் நம்புகிறவர். நமக்கு நஷ்டம் என்று தெரிந்தும் வாங்கச் சொன்னோமே, அதனால் இன்னும் கூடுதலாக நம்புவார்.

அப்படியே செய்வது என்றுதான் முடிவு செய்திருந்தேன். நாற்காலி அவளுக்கு. அலுவலகத்தைக் காலி செய்துவிடுவது. அப்புறம் உங்களுக்கு எழுதுவது: இங்கே இப்படி ஆகிவிட்டது, இன்னும் ஒரு தடவை மட்டும் கையெழுத்துப் போடுங்கள், மகள் கல்லூரி சேர்ந்துவிடட்டும், அதற்குள் நான் ஏதாவது தேடிக்கொள்கிறேன் என்று. மனதுக்குள் அந்தக் கடிதத்தை முழுவதும் எழுதி வைத்திருந்தேன். உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், ஆனால் ஒத்துக்கொள்வீர்கள். ஒத்துக்கொள்வீர்கள் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நேற்று மாலை உங்கள் அறைத் தம்பி, என்ன கொடுத்தனுப்புகிறீர்கள் அண்ணி என்று கேட்க வந்தார். அவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அப்பா வந்ததும் பரணில் இருக்கிற பெட்டிகளை எல்லாம் இறக்கச் சொல்ல வேண்டும் என்று மகள் சொன்னாள். அவர் சட்டென்று, அப்பாவை ஏணியில் ஏறச் சொல்லாதே பாப்பா என்றார். பிறகு கையில் இருந்த குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளை உள்ளே அனுப்பிவிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். நான் விடவில்லை. "அண்ணன் ஏறி ரொம்ப நாளாச்சு அண்ணி. அவர் ஏற வேண்டிய பாய்லர் ஏணிய நாங்க ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஏறிடறோம். மேல இருக்கறவங்களுக்குத் தெரியாது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார்.

முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குகிறீர்களாம். படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறதாம். பாய்லர் இரைச்சலில் இடது காது சரியாகக் கேட்பதில்லையாம். அதனால்தான் போனில் என்னிடம் ஒன்றை இரண்டு தடவை கேட்கிறீர்கள். லைன் சரியில்லை என்று நான் போன் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் நினைப்பில், வீட்டு ஏக்கத்தில் வருகிறீர்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேனே. ஒரு வார்த்தை எழுதவில்லையே நீங்கள். நலம் நலம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினீர்கள். இதில் உங்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. போனில் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தம்பியைத் திட்டாதீர்கள். பாவம், தன்னைக் காட்டிக்கொடுக்கிற கடிதத்தைத் தானே சுமந்துகொண்டு வருகிறார். வழியில் பிரித்துப் படிக்கிற ஆளும் இல்லை. அவருக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள். இன்னொருவருக்கும் அப்படித்தான், அவர் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். இரண்டு பேருக்கும் பின்னிய மப்ளர் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மாதம் முடிவதற்குள் என்ன விடுப்பு மிச்சம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு, என்ன வண்டி கிடைக்கிறதோ அதில் வந்துவிடுங்கள். சாமான்களைக் கட்டித் தூக்க வேண்டாம், அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். மகளின் அறையில் கட்டில் உயரம், அதில் நீங்கள் படுக்கலாம், நாங்கள் இருவரும் கீழே படுத்துக்கொள்கிறோம். வந்த பிறகு என்ன சாப்பிடுவது, மகளை எப்படிக் கல்லூரியில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கும். மாதாமாதம் வரும். எவ்வளவு நாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதைச் சொல்கிறவருக்கே தெரியாதாம்.

திங்கட்கிழமை பெட்டிக்காரரிடம் என்ன சொல்லப்போகிறேன் என்பது நேற்று மாலை, அந்தத் தம்பி தெருமுனை திரும்புவதற்குள் முடிவாகிவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மேனேஜர் சாரிடம் சொன்னால் கண்ணாடியைத் துடைப்பார். மகள் என் முகத்தைப் பார்ப்பாள். எதிர் மேசையில் இருக்கிறவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யார் யாருக்கோ எப்படிச் சொல்வது என்று யோசனை சொல்லியே பிழைத்தவள் நான். எனக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. இதோ, இன்னொரு தேநீரை வைத்துவிட்டு, சர்க்கரை போதுமா அக்கா என்கிறாள். போதும் என்றேன். உங்களுக்கும் அதைப் பச்சையாக எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டால், வேண்டாம் என்பீர்கள். நீங்கள் அப்படித்தான். எழுதாமலே புரிந்துகொண்டிருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். புரிந்தாலும் புரியாதவர் போல வாருங்கள்.

நீங்கள் வந்த பிறகு எனக்காக ஒன்று செய்ய வேண்டும். அவள் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால்தான். காய்கறி வாங்கப் போகும்போது எதிரில் வருவாள். நான் உங்களோடு இருப்பதைப் பார்த்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள் என்று நினைக்கிறேன். அவளைத் தப்பாக நினைக்காதீர்கள். என் கையிலிருக்கும் பையையும் வாங்கிக்கொள்ளாமல், என்னை அங்கேயே விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் சாலையைக் கடந்து போங்கள். நன்றாக இருக்கிறாயாம்மா என்று கேளுங்கள். அவள் கணவருக்கு வேலை கிடைத்ததா என்று கேளுங்கள். அவள் உங்கள் வலது பக்கம் நிற்கும்படி நின்றுகொள்ளுங்கள், சொல்வதெல்லாம் உங்கள் காதில் விழ வேண்டும். எவ்வளவு நேரமானாலும் பேசிவிட்டு வாருங்கள். திரும்பி வந்ததும் என்ன சொன்னாள் என்று நான் கேட்க மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம்.

முதுகை வளைத்து எதையும் தூக்காமல், பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் வரவையே பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி